கடிதத்தின் கடைசி வரிக்கு என் பதில்

கேள்வி: எனக்கு 69 வயது. கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. மூத்த மகள் ரொறன்ரோவில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளுடைய மகள் வருகிற ஜூன் மாதக் கடைசியில் எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். அதற்குப் பாடசாலையில் பட்டமளிப்பு விழா வைக்கிறார்களாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வட்ஸ்அப்பில் "அம்மம்மா வாறீங்கள்தானே?" என்று பேத்தி கேட்கிறாள். "முழங்கால் நோகுது மோனை" என்று நான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். விசா இரண்டு வருடங்களுக்கு முன்னரே கிடைத்துவிட்டது, பயணச்சீட்டை மகள் எடுத்துத் தருவாள். எனக்குப் 14 வருடமாக நீரிழிவும் பிரஷரும் இருக்கின்றன. இந்த வயதில் எதற்கு இவ்வளவு தூரம் என்று இங்கிருக்கும் மகன் தடுக்கிறான். எட்டாம் வகுப்புக்கும் ஒரு பட்டமளிப்பா என்று எனக்கும் தோன்றுகிறது. நான் போகலாமா? இன்னுமொன்று. இருமினால் சிறுநீர் போய்விடுகிறது. கடைக்குப் போய் வந்து கேற்றைத் திறப்பதற்குள்ளும் போய்விடுகிறது. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.
(வாசகி, உவர்மலை, திருகோணமலை. பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுள்ளார்.)

பதில்:

அன்புள்ள அம்மா,

போகலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை அதுதான். இனி நான் எழுதுவதெல்லாம் எப்படிப் போவது என்பதைப் பற்றியது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதை இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். மூன்றரைப் பக்கத்துக்கு முழங்காலையும் மகனுடைய மறுப்பையும் செலவையும் பற்றி அழகான, நிதானமான கையெழுத்தில் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி, சிறிய எழுத்தில் சிறுநீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளைப் படித்த பிறகு மேலே உள்ள மூன்றரைப் பக்கத்தையும் மறுபடி படித்தேன். கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவதை நிறுத்தி இரண்டு வருடம் என்கிறீர்கள். வவுனியாவில் நடந்த மருமகளின் திருமணத்துக்குப் போகவில்லை என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முழங்காலைக் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள்; ஆனால் அதே கடிதத்தில், காலையில் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சந்தைக்கு நடக்கும் முழங்கால் விமானத்தில் ஏறாமல் போகாது. உங்களைத் தடுத்து வைத்திருப்பது அந்தக் கடைசி வரி என்றே நான் நினைக்கிறேன். ஆகையால் அதற்கே முதலில் விடை சொல்கிறேன்.

இது வயதானால் வருவதுதான், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இது ஒரு நோய்நிலை. பிள்ளை பெற்ற பெண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் நீரிழிவுள்ளவர்களிலும் மிகவும் பரவலாகக் காணப்படுவது. இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்துகின்றன. பெரும்பாலானவர்களில் இதை நன்றாகக் குறைக்க முடியும், பலரில் முற்றாகவே நிறுத்திவிடவும் முடியும். இத்தனை பரவலாக இருந்தும் என்னிடம் வரும் தாய்மாரில் இதைத் தாமாக வாய்திறந்து சொல்பவர்கள் மிகச் சிலரே. பிரஷர் பார்த்து, குளிசை எழுதி, கொப்பியைக் கையில் கொடுத்து, அவர்கள் எழுந்து போய்க் கதவில் கை வைத்த பிறகுதான் திரும்பி நின்று, "டொக்டர், இன்னொரு விசயம்" என்பார்கள். அந்த "இன்னொரு விசயம்" அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

என் சொந்த வீட்டிலேயே இதை நான் தவறவிட்டிருக்கிறேன். என் அம்மம்மா தன் கடைசி நான்கு வருடங்களில் ஒரு சடங்குக்கும் வரவில்லை. என் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கும் வரவில்லை. சனக்கூட்டம் தனக்கு ஒத்துவராது என்பார், நாங்களும் நம்பினோம். அவர் காலமான பிறகு அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, சேலைகளுக்குப் பின்னால், பழைய பருத்திச் சேலையை அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, துவைத்து அடுக்கி வைத்திருந்த துண்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. எதற்கென்று அம்மாவுக்கு உடனே விளங்கியது. அப்போது நான் மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருட மாணவி, எனக்கும் விளங்கியது. அந்தத் தையல் அத்தனை நேர்த்தியாக இருந்தது, அம்மா. அத்தனை கவனத்தையும் அவர் மறைப்பதற்கே செலவழித்திருந்தார் என்பது இன்றும் எனக்கு ஆறாத துயரம். அதனால்தான் உங்கள் கடைசி வரியைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவது ஒரு வகை. சிறுநீர்ப்பைக்கு அடியில் தொட்டில்போல நின்று தாங்குகின்ற இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருப்பதனால் அது நிகழ்கிறது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று சுகப்பிரசவங்களுக்கும் அதில் பங்குண்டு. கேற்றைத் திறப்பதற்குள் போய்விடுவது வேறு வகை. சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்னரே சுருங்கத் தொடங்குகிறது; வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மனம் உணர்ந்த கணத்தில், சாவி பூட்டில் நுழையும்போதே அவசரம் கட்டுக்கடங்காமல் போகிறது. சாவியைக் கையில் எடுத்ததும் இப்படி நிகழ்வதாக நோயாளர்கள் சொல்வது மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான குறிப்பு. உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. உங்கள் வயதில் அப்படிக் கலந்திருப்பதுதான் வழமை.

கிளினிக் கொப்பியின் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு வைத்தது மிகவும் நல்ல காரியம். மெட்போமின், எனலபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், அட்டோவஸ்டட்டின் என்று நான்கு குளிசைகள் இருக்கின்றன. நான்கையும் மறக்காமல் இருப்பதற்காக இரவுச் சாப்பாட்டோடு ஒன்றாக எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்பது சிறுநீரைப் பெருக்கும் குளிசை. அதை இரவில் எடுத்தால் இரவு முழுவதும் எழும்ப வேண்டித்தான் வரும். அதைக் காலைக்கு மாற்றித் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். அடுத்தது எனலபிரில். இந்தக் குளிசை சிலரில், அதிலும் பெண்களில் கூடுதலாக, சளியில்லாத வறட்டு இருமலை உண்டாக்கும். உங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக இரவில் இருமல் இருப்பதாகவும், அதற்குப் பாணி மருந்து குடித்துக் களைத்துவிட்டதாகவும் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இருமல் இந்தக் குளிசையினால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் லொசாட்டன் போன்ற வேறொரு குளிசைக்கு மாற்றிய சில வாரங்களில் இருமல் அடங்கும். இருமல் அடங்கினால் கசிவில் ஒரு பகுதியும் அதோடு அடங்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், நேரத்தையும் நீங்களாக மாற்ற வேண்டாம். இந்தப் பத்தியைக் கிளினிக் டொக்டரிடம் அப்படியே காட்டுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். எனலபிரிலும் சிறுநீர் பெருக்கும் குளிசையும் எடுப்பவர், அதிலும் நீரிழிவுள்ளவர், டைக்குளோபெனக்கையும் சேர்த்தால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். நோவு கூடிய நாளில் பரசிற்றமோல் போதும். கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்கி, மறுகாலுக்கும் அவ்வாறே செய்து வந்தால் தொடைத் தசை பலப்பட்டு முழங்காலின் பாரம் குறையும். முழங்காலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது மூன்று பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறுநீருக்கு யூ.எப்.ஆர். என்று துண்டில் எழுதித் தருவார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால் அதுவே அவசரத்தையும் கசிவையும் கூட்டும், சில நாள் மருந்தில் தீரும். இரத்தத்தில், கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பார்க்க வேண்டும். இரத்தச் சீனி ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சீனி சிறுநீரில் இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் சீனி தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவரை மற்ற முயற்சிகள் அரைப் பயன்தான் தரும். மூன்றாவது, கீழ்ப்பகுதியை ஒரு பெண் வைத்தியர் நேரில் பார்ப்பது. கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருந்தால் வளையம் வைத்துத் தாங்கலாம். மாதவிடாய் நின்றபின் அப்பகுதி வறண்டு மெலிந்திருந்தால் பூசுவதற்கு ஹோர்மோன் கிறீம் உண்டு. வெட்கமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பார்க்கிறவருக்கு அது அன்றைய இருபதாவது நோயாளி, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லி வைக்கிறேன்: சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், நோவே இல்லாவிட்டாலும், கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இப்போது உங்கள் கையிலேயே இருக்கும் மருந்து. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சரியாகச் செய்பவர்கள் குறைவு. நாலுபேர் இருக்கும் இடத்தில் வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அந்த இறுக்கத்தோடு சிறுநீரை நிறுத்துவது போன்ற இறுக்கத்தையும் சேர்த்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு நீங்கள் எதுவும் செய்வதாகவே தெரியாது. இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, தளர்த்தி, அதேயளவு நேரம் ஓய்வு கொடுத்து, இப்படி எட்டுத் தடவை. இது ஒரு சுற்று. நாளொன்றுக்கு மூன்று சுற்று. பழகப் பழக ஐந்தைப் பத்தாக்குங்கள். காலையில் பல் விளக்கியபின் ஒன்று, பகல் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தபடி ஒன்று, இரவு திருநீறு பூசிக்கொண்டு படுக்கையில் ஒன்று என்று ஏற்கனவே நடக்கும் காரியங்களோடு கட்டிவிட்டால் மறக்காது. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். அது சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாவதைத் தடுக்கும். பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதமாகும். நீங்கள் எழுதியது பெப்ரவரியில், விழா ஜூன் கடைசியில். காலம் போதும், ஆனால் வீணாக்குவதற்கு மிச்சமில்லை. இருமல் வருவது தெரிந்ததும், இருமுவதற்கு ஒரு கணம் முன்னால் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த ஒன்றினால் மட்டும் முதல் சில வாரங்களிலேயே வித்தியாசம் காண்பீர்கள்.

அவசரத்துக்கு வேறு பயிற்சி. மூன்று நாட்களுக்கு ஒரு தாளில், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது, என்ன குடித்தீர்கள் என்று குறித்து வாருங்கள். வெளியே போவதற்கு முன் எதற்கும் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, மணியோசை கேட்டாற்போல ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு தடவை என்று போய்ப் போய்ச் சிறுநீர்ப்பையைச் சிறிது நிரம்பியதுமே அழைக்கும்படி நீங்களே பழக்கியிருக்கிறீர்கள். அதை மெல்லப் பழக்கம் மாற்ற வேண்டும். இப்போது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்றால், முதல் வாரம் ஒன்றேகால் மணித்தியாலம், அடுத்த வாரம் ஒன்றரை என்று நீட்டிக்கொண்டு போங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். இரண்டரை, மூன்று மணித்தியாலம் தாங்கினால் அதுவே நல்ல நிலை. இடையில் அவசரம் எழுந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, அல்லது இருந்து, தசையை ஐந்தாறு தடவை விரைவாக இறுக்கித் தளர்த்தி, அலை தணிந்த பிறகு நடந்து போங்கள். தேய்ந்த முழங்காலோடு ஈரத் தரையில் மலசலகூடத்துக்கு ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாய்மாரை விடுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கசிவை விட அது நூறு மடங்கு பெரிய துன்பம்.

பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, அம்மா. சிறுநீர் செறிந்தால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலடையும். மலச்சிக்கல் வந்து குடல் சிறுநீர்ப்பையை நெரிக்கும். கிருமித் தொற்றும் வரும். வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆறு முதல் எட்டுக் குவளை வரை பகல் முழுவதும் பரவலாகக் குடியுங்கள்; படுப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலங்களில் மட்டும் குறையுங்கள். குறைக்க வேண்டியது பிளேன் ரீயையும் கோப்பியையும்தான். நாளுக்கு ஐந்து கோப்பை என்பதை இரண்டாக்கினால் போதும்.

இவையெல்லாம் செய்தும் அவசரம் தணியாவிட்டால் அதற்கென்று குளிசைகள் இருக்கின்றன. அவை வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும், முதியவர்களில் சிலருக்கு நினைவைக் குழப்பும். ஆகையால் அவற்றை முதல் வழியாக நான் சொல்வதில்லை.

ஏப்ரல் மாதமளவில் ஒத்திகை பார்க்கத் தொடங்குங்கள். முதலில் பத்திரகாளி அம்பாள் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை ஒன்றுக்கு முழுமையாக நின்று வாருங்கள். பிறகு கோணேசர் கோயிலுக்கு, கோட்டை வாசலில் இருந்து மெல்ல ஏறிப் போய், பூசை முடியும்வரை இருந்து, கடற்காற்று வாங்கிக்கொண்டு இறங்கி வாருங்கள். அது சரிவந்தால் கந்தளாய்க்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். ஒவ்வொரு தடவையும் மாற்று உடுப்பும் பட்டைத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். பெரியவர்கள் அணிவதற்கென்றே உறிஞ்சும் பட்டைகள் நகரத்துப் பாமசிகளில் விற்கிறார்கள். மாதவிடாய்க்கு உபயோகிப்பவை சிறுநீரை அவ்வளவாகத் தாங்காது, ஆகையால் சிறுநீருக்கானவையா என்று கேட்டு வாங்குங்கள். பை கையில் இருக்கிறது என்ற தைரியத்தினாலேயே பலருக்கு அவசரம் பாதியாகக் குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். நீங்கள் எழுதியபடி கோயிலுக்குப் போகாமல் விட்டு இரண்டு வருடமாகிறது. ரொறன்ரோவை விடுங்கள், இந்த ஒத்திகை அதற்காகவாவது நடக்க வேண்டும்.

பயணத்தின் முதல் பகுதியே கடினமானது. திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் ஆறு மணித்தியாலமளவில் ஆகும். இரண்டு இடங்களில் நிறுத்துவதாகச் சாரதியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நாடொன்றில் மாறினால் இரண்டாவது பறப்பு மட்டும் ஏறக்குறைய 14 மணித்தியாலம். நடைபாதையை ஒட்டிய ஆசனத்தை, மலசலகூடத்துக்குக் கிட்டவாக, இப்போதே தெரிவு செய்யச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி உதவிக்கும் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடலாம், அதற்குக் காசு கேட்பதில்லை. விமான நிலையத்தின் நீண்ட நடையில் உங்கள் முழங்காலைச் செலவழிக்க வேண்டியதில்லை. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஆசனப் பட்டியை அவிழ்க்க விடமாட்டார்கள் என்பதால், ஏறுவதற்குச் சற்று முன்னரும், இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்னரும் போய் வந்துவிடுங்கள். சிறுநீர் பெருக்கும் குளிசையைப் பயண நாளில் எப்போது எடுப்பது என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நடப்பதும், இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையாமல் காக்கும். ஆகவே மலசலகூடத்துக்கு எழுந்து போவதையிட்டு அடுத்த ஆசனக்காரரிடம் கூச்சப்பட வேண்டாம், அந்த நடை உங்களுக்குத் தேவையானது. குளிசை முழுவதும் கைப்பையில், கிளினிக் கடிதத்தோடு.

ஜூன் மாதத்தில் ரொறன்ரோ நேரம் நம்முடையதை விட ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. உடல் அந்த மாற்றத்துக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேலாகலாம். அதுவரை பகலில் சுரக்க வேண்டிய சிறுநீர் அங்குள்ள இரவில் சுரக்கும். விழாவுக்கு முந்திய நாள் போய் இறங்கினால் தூக்கமும் இல்லாமல், உடலும் ஒத்துழைக்காமல் மண்டபத்தில் இருக்க வேண்டி வரும். இரண்டு வாரம் முந்திப் போங்கள்.

காப்புறுதியைப் பற்றி ஒரு முக்கியமான விசயம். கனடாவில் வெளிநாட்டவர் வைத்தியசாலைக்குப் போனால் செலவு தலைக்கு மேல் போகும். பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் போகவே கூடாது. பழைய நோய்களுக்கும் பொறுப்பேற்கும் காப்புறுதியாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். அவற்றில் பல, பயணத்துக்கு முந்திய குறிப்பிட்ட சில மாதங்களுக்குள் நோயின் நிலையோ மருந்தோ மாறியிருந்தால் அந்த நோய்க்குப் பணம் கொடுக்க மறுக்கும். எத்தனை நாள் என்பது காப்புறுதிக்குக் காப்புறுதி வேறுபடும், ஆகையால் மகள் அதைக் கேட்டறிய வேண்டும். நான் மேலே சொன்ன குளிசை மாற்றங்களை மே மாதத்துக்குத் தள்ளாமல் இந்த மாதக் கிளினிக்கிலேயே செய்துகொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டாம் வகுப்புக்கும் ஒரு பட்டமளிப்பா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒரே பாடசாலையில் உயர்தரம் வரை படிக்கலாம் என்பதால் எட்டில் இருந்து ஒன்பதுக்குப் போவது வெறும் வகுப்பேற்றம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலைத்தான் வீடே கொண்டாடும். ஒன்ராறியோவில் அப்படியில்லை. அங்கே எட்டாம் வகுப்போடு ஆரம்பப் பாடசாலைக் காலம் முடிகிறது. ஒன்பதில் இருந்து உயர்நிலைப் பாடசாலை. நான்கு வயதில் மழலையர் வகுப்பில் கைபிடித்துச் சேர்ந்த தோழிகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து போவார்கள். விழாவில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாசிப்பார்கள்; பிள்ளை மேடையேறிச் சான்றிதழ் வாங்கும்; சபையில் தன் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடும். உங்கள் பேத்தி தேடப்போகும் முகங்களில் ஒன்றாக உங்கள் முகத்தையும் எண்ணி வைத்திருப்பதனால்தான் ஞாயிறு தவறாமல் கேட்கிறாள். மேடைக்குப் போய் வர அரை நிமிடம்கூட ஆகாது என்பதை வைத்து அதை அளக்காதீர்கள்.

இங்கே எனக்குக் கவலை தரும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் நோயைத் தெரியாது. முழங்கால் நோகிறது என்று சொல்லும் அம்மம்மா, அடுத்த நிமிடம் எழுந்து போய் அடுப்பில் இருக்கும் கறியைக் கிண்டிவிட்டு வருவதை அது தொலைபேசித் திரையில் பார்க்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதில் இருந்து எடுக்கும் முடிவு, அம்மம்மாவுக்கு வர மனமில்லை என்பதாகத்தான் இருக்கும். நீங்கள் மறைப்பது உங்கள் கூச்சத்தை. அங்கே போய்ச் சேருவது வேறொரு செய்தி.

ஆகையால் மகளிடம் சொல்லுங்கள். பேத்தியிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை, மகனிடமும் சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடலாம். மகளிடம் மட்டும் ஒளிக்க வேண்டாம். பேத்தி பக்கத்தில் இல்லாத நேரத்தில் நீங்களாக எடுத்து, "பிள்ளை, எனக்குச் சலத்தை அடக்க ஏலாமல் இருக்கு. கன நாளாய் இருக்கு, சொல்ல வெக்கமாய் இருந்தது. இப்ப மருந்து செய்யிறன். பிளேனில கரைச் சீட் எடு, மண்டபத்திலயும் வாசல் பக்கமாய் இடம் பார்" என்று சொன்னால் போதும். இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். நீங்கள் நினைப்பதை விட விரைவில் விளங்கிக்கொள்வாள், தனக்கும் அப்படி இருக்கிறது என்றுகூடச் சொல்லக்கூடும். மண்டபத்தில் வரிசையின் ஓரத்துக் கதிரை, விழா எத்தனை மணித்தியாலம் போகும், ஒரு வீட்டுக்கு எத்தனை பேருக்கு இடம், மலசலகூடம் எந்தப் பக்கம் என்பவற்றை அவள் பாடசாலையில் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். முதியவர் ஒருவர் வருகிறார் என்றால் பாடசாலையார் இடம் ஒழுங்குபடுத்தித் தருவார்கள்.

மூன்று நாள் குறிப்பை நாளைக் காலை தொடங்குங்கள். எழுதி முடித்த தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, டொக்டர் கொப்பியை விரித்ததும் முதலில் கண்ணில் படும்படி கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் கதவு வரை போய்த் திரும்பி நின்று சொல்ல வேண்டிய தேவை வராது. மகள் பயணச்சீட்டுக்கு ஆசனம் பதிவதற்கு முன் அவளுக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப் அழைப்பு வரும்வரை காத்திராமல், சனி இரவே நீங்கள் எடுத்துப் பேசிவிடுங்கள். ஞாயிறு காலை பேத்தி கேட்கும்போது, வருகிறேன் என்று சொல்லலாம்.